ஆளுநரும் அவரே, முதலாளியும் அவரே

1863 ஜனவரி 8. கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் ஆற்றங்கரைத் தெரு சேறும் சகதியுமாகக் கிடந்தது. வருகிறவர்களின் பூட்ஸ் புதையாமலிருக்க வைக்கோல் கட்டுகளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். கொடி, தோரணம், பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. சியரா நெவாடா மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே போகவிருந்த ரயில்பாதைக்கு அன்றுதான் பூமி பூஜை. முதல் மண்ணை அள்ளிப் போட்டவர் மாநில ஆளுநர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட். பாதை போடும் பொறுப்பு சென்ட்ரல் பசிபிக் என்ற தனியார் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியின் தலைவர் பெயரும் லீலண்ட் ஸ்டான்ஃபோர்ட்தான். இரண்டு பேரில்லை, ஒரே ஆள்.

அமெரிக்க மாநில ஆளுநர் நம்மூர் ஆளுநர்போல மேலிடத்திலிருந்து அனுப்பப்படுபவர் அல்ல. மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிற ஆள். நம் முதலமைச்சருக்குச் சமமான அதிகாரம் படைத்தவர். மசோதாக்களில் கையெழுத்துப் போடுவது, நீதிபதி நாற்காலி காலியானால் ஆள் நியமிப்பது எல்லாம் அவர் கையில். அப்படிப்பட்டவர் அரசிடம் சலுகை கேட்டு நிற்கிற கம்பெனிக்கும் தலைவராக இருந்தார். மனு போடுவதும் அவர், உத்தரவு போடுவதும் அவர். இதில் ஒளிவுமறைவே கிடையாது என்பதுதான் வேடிக்கை.

ஸ்டான்ஃபோர்ட் என்ற பெயர் தமிழ்நாட்டில் பல வீடுகளில் புழங்குகிற பெயர். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை மேற்படிப்புக்குப் போன பல்கலைக்கழகம் அது. கூகுள் பிறந்த இடமும் அதுதான். அதை நிறுவியவரைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சாயம்போன உடுப்பில் ஓர் ஏழைத் தம்பதி ஹார்வர்டுக்குப் போகிறார்கள். அங்கே படித்து இறந்துபோன மகன் பேரில் கட்டடம் கட்டித்தர முன்வருகிறார்கள். ஹார்வர்டு தலைவர் அவர்களை ஏளனம் செய்து அனுப்பிவிடுகிறார். உடனே அவர்கள் தனியாகவே ஒரு பல்கலைக்கழகம் கட்டிவிடுகிறார்கள். கண்ணீரை வரவழைக்கிற கதை, ஆனால் கட்டுக்கதை. மகன் ஹார்வர்டில் படித்ததே இல்லை. 15 வயதில் இத்தாலியில் இறந்த சிறுவன் அவன். தந்தை முன்னாள் ஆளுநர், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் அந்தத் தம்பதியை மரியாதையாகவே உட்காரவைத்துப் பேசினார். பல்கலைக்கழகம் நடத்த எவ்வளவு மூலதனம் வேண்டும் என்று ஆலோசனையும் சொன்னார்.

கொடை கொடுப்பவர் எளியவராக இருந்தால் நமக்குப் பிடிக்கிறது. அந்த ஆசையில்தான் இப்படிப்பட்ட கதைகள் ஓடுகின்றன. உண்மையான ஸ்டான்ஃபோர்டின் கதையோ இன்றைக்கும் நம் கவனத்துக்கு உரியது. அவர் சதிகாரரோ நயவஞ்சகரோ அல்ல. மெதுவாகப் பேசுகிற, கனத்த உடம்புக்காரர். குடும்பத்தின்மீது உயிராக இருந்தவர். தன் கம்பெனிக்கு எது நல்லதோ அதுவே கலிஃபோர்னியாவுக்கும் நல்லது என்று மனதார நம்பினார். திருடனென்றால் என்றாவது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இப்படி நம்புகிற ஆளை என்ன சொல்லிப் பிடிப்பது? அரசியலும் வியாபாரமும் ஒரே ஆளிடம் சேரும்போது அந்த ஆள் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணையே வீண் என்பதற்கு ஸ்டான்ஃபோர்டைவிடத் தெளிவான சாட்சி கிடைப்பது அரிது.

1824-இல் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். தந்தைக்கு விவசாயமும் ஒரு விடுதியும். ஸ்டான்ஃபோர்ட் சட்டம் படித்து, விஸ்கான்சினில் போர்ட் வாஷிங்டன் என்ற சிற்றூரில் வக்கீல் தொழில் பார்த்தார். 1852-இல் ஒரு தீ விபத்தில் சட்டப் புத்தகங்கள் உட்பட எல்லாம் சாம்பலாயின. சகோதரர்கள் ஏற்கெனவே கலிஃபோர்னியாவில் கடை வைத்திருந்தார்கள். அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார்.

அது தங்க வேட்டைக் காலம். தோண்டப் போனவர்களில் பலர் கைக்காசையும் தொலைத்தார்கள். அவர்களுக்கு மாவும் பன்றி இறைச்சியும் மண்வெட்டியும் விற்றவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் மளிகை வியாபாரி. பிற்பாடு அவருக்குக் கூட்டாளிகளான காலிஸ் ஹன்டிங்டனும் மார்க் ஹாப்கின்ஸும் சாக்ரமென்டோவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார்கள். சார்லஸ் கிராக்கருக்கு ஜவுளிக்கடை. ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாத இந்த நான்கு கடைக்காரர்களிடம்தான் தியடோர் ஜூடா என்ற பொறியாளர் தன் வரைபடங்களோடு வந்தார். சியராவைக் கடக்க ஒரு வழி இருக்கிறது என்று அடித்துச் சொன்னவர் அவர். பைத்தியக்கார ஜூடா என்று ஊரே கேலி செய்துகொண்டிருந்தது. 1861 ஜூன் மாதம் கம்பெனி பதிவானது. ஸ்டான்ஃபோர்ட் தலைவர், ஹன்டிங்டன் துணைத் தலைவர், ஹாப்கின்ஸ் பொருளாளர்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஆளுநர் தேர்தல். 1859-இல் நின்று மண்ணைக் கவ்விய ஸ்டான்ஃபோர்ட் இந்த முறை குடியரசுக் கட்சி சார்பில் ஜெயித்தார். உள்நாட்டுப் போரால் ஜனநாயகக் கட்சி இரண்டாக உடைந்திருந்தது அவருக்கு வாய்ப்பாகப் போயிற்று. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் கம்பெனித் தலைவர், பிறகு ஆளுநர். 1862 ஜனவரியில் அவர் பதவியேற்ற அன்று சாக்ரமென்டோ வெள்ளத்தில் மிதந்தது. படகில் போய்ப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டு, திரும்பி வந்து மாடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் ஏறினார் என்பார்கள்.

பதவிக்காலம் இரண்டே ஆண்டு. அதற்குள் ஆனது கொஞ்சநஞ்சமல்ல. சாக்ரமென்டோ மாவட்டமும் பிளேசர் மாவட்டமும் சான்ஃபிரான்சிஸ்கோ நகரமும் பொதுப் பணத்தில் ரயில்வே பங்குகளை வாங்கலாம் என்று சட்டம் வந்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் பங்கு மட்டும் 6 லட்சம் டாலர். அதற்கு மக்கள் ஒப்புதல் வேண்டும் என்பதால் வாக்கெடுப்பு நடந்தது. வாக்குச்சாவடி வாசலில் ஆளுநரின் சகோதரர் ஃபிலிப் தங்கக் காசுகளை வாரி இறைத்தார் என்ற புகார் நீதிமன்றம்வரை போனது. மாநில உச்ச நீதிமன்றத்தில் இடம் காலியானபோது ஆளுநர் நியமித்தது எட்வின் கிராக்கரை. அவர் கூட்டாளி சார்லஸ் கிராக்கரின் அண்ணன், சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் வக்கீலும்கூட. ஆளுநரின் பரிந்துரைப்படி லிங்கன் ஒருவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். ஸ்டீஃபன் ஃபீல்டு என்ற அந்த நீதிபதி இந்தக் கதையில் மறுபடியும் வருவார்.

மலையை நகர்த்திய சங்கதி தனி. 1862-ஆம் ஆண்டு பசிபிக் ரயில்வே சட்டத்தின்படி மத்திய அரசு கடன் பத்திரங்களைக் கொடுத்தது. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டுநிலத்தில் 32,000, மலையில் 48,000. பாதையின் இருபுறமும் நிலம் வேறு. ஆக, மலை எங்கே தொடங்குகிறது என்பது வெறும் பூகோளக் கேள்வி அல்ல, பணக் கேள்வி. மாநில நிலவியலாளர் ஜோசையா விட்னி சாக்ரமென்டோவிலிருந்து 7 மைலில் இருந்த ஆர்கேடு ஓடையைக் காட்டினார். மலையிலிருந்து அரித்து வந்த வண்டல் மண் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது, ஆகவே மலையும் அங்கேயே ஆரம்பம் என்பது வாதம். நேரில் போய்ப் பார்த்தால் அங்கே தட்டையான வயல்வெளிதான். கண்ணுக்குத் தெரிகிற மலையடிவாரம் இன்னும் வெகு கிழக்கே. போர்ச் சுமையில் இருந்த லிங்கன் அதை ஏற்றுக்கொண்டார். அமெரிக்கப் பெருநிலப் பரப்பின் மிக உயரமான சிகரத்துக்கு (அலாஸ்காவை விட்டுவிட்டால்) இன்று விட்னியின் பெயர்தான்.

இந்தப் போக்கு பிடிக்காமல் ஜூடா நால்வரோடும் மோதினார். அவர்களை விலைக்கு வாங்கிக் கழற்றிவிட முதலீட்டாளர்களைத் தேடி 1863 அக்டோபரில் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். வழியில் பனாமாவில் மஞ்சள் காய்ச்சல் தொற்றியது. நவம்பர் 2 அன்று இறந்தபோது வயது 37. பாதையைக் கனவு கண்டவர் ஒரு தண்டவாளத் துண்டு போட்டதைக்கூடப் பார்க்கவில்லை.

கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் ரயில்வே செலவில் மலைக்குப் போய், அங்கிருந்து நெவாடாவின் வெள்ளிச் சுரங்கங்களுக்கு நழுவிவிடுவார்கள். வேறு வழியில்லாமல் சீனர்களை வைத்துப் பார்த்தார்கள். ஸ்டான்ஃபோர்டின் இரட்டை முகம் இங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. 1862 பதவியேற்பு உரையில் சீனர்களைத் தாழ்ந்த இனம் என்று வசைபாடி, அவர்கள் கலிஃபோர்னியாவில் குடியேறுவதைத் தடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டவர் அவர். 1865-இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனுக்கு அனுப்பிய அறிக்கையில் அதே சீனர்கள் அமைதியானவர்கள், பொறுமைசாலிகள், கடும் உழைப்பாளிகள், சிக்கனக்காரர்கள் என்று புகழ்ந்தார். மூன்றே ஆண்டில் ஓர் இனத்தின் குணம் மாறாது. மாறியது கம்பெனியின் தேவை.

உச்சிக் கணவாயில் குடைந்த ஆறாம் எண் சுரங்கத்தின் நீளம் 1,659 அடி. முழுக்கக் கருங்கல். இரு முனைகளிலிருந்து குடைந்தால் தீராது என்று நடுவில் ஒரு கிணறு வெட்டி இறங்கி, அங்கிருந்தும் இரு பக்கமும் குடைந்தார்கள். ஆக நான்கு முகப்புகளில் ஒரே நேரத்தில் வேலை. ஒருவர் உளியைப் பிடிக்க இருவர் மாறிமாறிச் சம்மட்டியால் அடிக்க வேண்டும். வெடிமருந்து வைத்தால் ஒரு முகப்பில் நாளுக்கு ஓர் அடி நகர்ந்தாலே பெரிய காரியம். பிறகு நைட்ரோகிளிசரினை அங்கேயே தயாரித்தார்கள். வேகம் கூடியது, ஆபத்தும் கூடியது. 1866-67 குளிர்காலத்தில் 44 பனிப்புயல்கள் அடித்தன. பனிக்கடியில் வழி குடைந்து குடிசையிலிருந்து சுரங்கத்துக்கும் சுரங்கத்திலிருந்து குடிசைக்கும் வெளிச்சமே பார்க்காமல் போய்வந்தார்கள். பனிச்சரிவில் புதைந்தவர்களின் உடல்கள் வசந்தம் வந்து பனி உருகிய பிறகே கிடைத்தன.

சீனத் தொழிலாளர்களின் ஒவ்வொரு குழுவுக்கும் தனிச் சமையல்காரர் உண்டு. அரிசிச் சோறு, கருவாடு, காய்கறி, உலர்த்திய சிப்பி. தோளில் காவடிபோலக் கம்பைப் போட்டு, இருபுறமும் தொங்கும் சிறு பீப்பாய்களில் வெதுவெதுப்பான தேநீரைச் சுமந்து வேலையிடத்துக்கே கொண்டுவருவார்கள். கொதிக்கவைத்த தண்ணீரைக் குடித்ததால் அவர்களுக்கு வயிற்றுப்போக்கு குறைவு. ஓடைத் தண்ணீரை அப்படியே குடித்த வெள்ளைக்காரர்கள் படுத்துக்கொண்டார்கள். ஆனால் வெள்ளைக்காரர்களுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் கம்பெனி கணக்கில். சீனர்கள் சம்பளத்திலிருந்தே சாப்பிட வேண்டும்.

1867 ஜூனில் ஆயிரக்கணக்கான சீனர்கள் ஒரே நாளில் கருவிகளைக் கீழே வைத்தார்கள். மாதம் 40 டாலர் வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும் என்பது கோரிக்கை. கல்லெறி இல்லை, கூச்சல் இல்லை. சார்லஸ் கிராக்கர் மலைக்குப் போகும் உணவு வண்டிகளை நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி வேலைநிறுத்தத்தை முடித்துவைத்தது.

1869 மே 10 அன்று யூட்டாவின் புரோமன்டரி உச்சியில் கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிபிக் பாதையும் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிபிக் பாதையும் கைகோத்தன. கடைசித் தண்டவாளத்தில் தங்க ஆணி. அதில் பொறித்திருந்த தேதி மே 8. யூனியன் பசிபிக்கின் துணைத் தலைவர் தாமஸ் டுரான்ட் வந்த ரயிலைச் சம்பள பாக்கிக்காக அவருடைய தொழிலாளர்களே வழிமறித்து நிறுத்திவிட்டதால் விழா இரண்டு நாள் தள்ளிப்போனது. ஸ்டான்ஃபோர்ட் வெள்ளிப் பூச்சுச் சம்மட்டியை ஓங்கினார், அடி ஆணியில் படவில்லை என்று அங்கே நின்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனாலென்ன, தந்தி ஊழியர் ‘முடிந்தது’ என்று நாடு முழுக்கச் செய்தி தட்டிவிட்டார். அன்று எடுத்த புகழ்பெற்ற புகைப்படத்தில் இரு எஞ்சின்களும் மதுப்புட்டிகளும் கூட்டமும் உண்டு. இன்ன சீனத் தொழிலாளி என்று கைகாட்ட ஒருவர் இல்லை. நூறாண்டு கழித்து, 1969 நூற்றாண்டு விழாவில் பேசிய மத்திய போக்குவரத்து அமைச்சர் ஜான் வால்பி அந்தச் சுரங்கங்களைக் குடைந்த பெருமையை அமெரிக்கர்களுக்கே கொடுத்து முடித்துக்கொண்டார்.

பணம் எங்கே போனது? மத்திய அரசு சென்ட்ரல் பசிபிக்குக் கொடுத்த கடன் பத்திரங்களின் மதிப்பு சுமார் 2 கோடியே 78 லட்சம் டாலர். பாதை போடும் ஒப்பந்தத்தை ரயில் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தது. அந்த ஒப்பந்தக் கம்பெனியும் நால்வருடையதே. இடது கை பில் போட, வலது கை பணம் கொடுத்தது. கிழக்கே யூனியன் பசிபிக்காரர்களும் இதையேதான் செய்தார்கள். 1872-இல் அது கிரெடிட் மொபிலியே ஊழலாக வெடித்து, 1873-இல் ஓக்ஸ் ஏம்ஸ் என்ற காங்கிரஸ் உறுப்பினர் சபையின் கண்டனத்துக்கு ஆளானார். மேற்கே அப்படி வெடிக்கவில்லை. காரணம் எளிது: நால்வரின் ஒப்பந்தக் கம்பெனிக் கணக்குப் புத்தகங்கள் மாயமாகிவிட்டன.

இதற்குள் ஸ்டான்ஃபோர்ட் பெருங்கோடீசுவரர். சான்ஃபிரான்சிஸ்கோவின் நாப் குன்றில் மாளிகை, பாலோ ஆல்டோவில் குதிரைப் பண்ணை, வைனா என்ற இடத்தில் உலகிலேயே பெரியது என்று சொல்லப்பட்ட திராட்சைத் தோட்டம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்புமா என்ற கேள்விக்கு விடை காண எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரருக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தார். 1878 ஜூனில் வரிசையாக வைத்த கேமராக்களில் விடை கிடைத்தது: எழும்பும். சினிமாவின் முன்னோடி என்று இன்று கொண்டாடுகிற படங்கள் அவை. 1882-இல் அவற்றை வைத்து ஸ்டான்ஃபோர்ட் புத்தகம் போட்டபோது அட்டையில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. மைபிரிட்ஜ் வழக்குப் போட்டார், தோற்றார். சுரங்கம் குடைந்தவர்களுக்கு நேர்ந்ததே படம் எடுத்தவருக்கும்.

நால்வரின் இன்னொரு கம்பெனியான சதர்ன் பசிபிக் தனக்குக் கிடைத்த நிலத்தில் குடியேற விவசாயிகளை அழைத்தது. ஏக்கர் இரண்டரை டாலரிலிருந்து என்று துண்டறிக்கை போட்டது. நம்பி வந்தவர்கள் வாய்க்கால் வெட்டி நிலத்தைப் பொன்னாக்கிய பிறகு விலை பல மடங்கு ஏறியது. 1880 மே 11 அன்று மசல் ஸ்லூ என்ற இடத்தில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் ஏழு பேர் செத்தார்கள். கலிஃபோர்னியர்கள் ரயில்வேயை ‘ஆக்டோபஸ்’ என்று அழைத்தார்கள். பத்திரிகைக் கேலிச்சித்திரங்களில் அதன் கைகள் சட்டசபை, நீதிமன்றம், பண்ணை என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

மகன் லீலண்ட் ஜூனியர் 1884 மார்ச் 13 அன்று ஃபிளாரன்ஸில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தான். ஒரே பிள்ளை, திருமணமாகிப் பதினெட்டு ஆண்டு கழித்துப் பிறந்தவன். அந்தத் துயரம் உண்மையானது. அதிலிருந்து பிறந்த பல்கலைக்கழகமும் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. 1891 அக்டோபர் 1 அன்று திறந்தபோது ஆண், பெண் இருபாலருக்கும் இடம். படிப்புக் கட்டணம் கிடையாது. இதையெல்லாம் குறைத்துச் சொல்வதற்கில்லை. ஆனால் அந்தத் துக்கம் நடந்த மறு ஆண்டே, 1885-இல், ஸ்டான்ஃபோர்ட் அமெரிக்க செனட்டரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டசபை. அந்தச் சட்டசபையில் ரயில்வேயின் செல்வாக்கு ஊரறிந்தது. செனட்டரான பிறகும் ரயில்வேயின் தலைவர் நாற்காலியை அவர் விடவில்லை. செனட்டர் பதவிக்கு ஹன்டிங்டன் மனதில் வைத்திருந்தவர் நண்பர் ஆரன் சார்ஜென்ட். அந்தக் கோபத்தை ஹன்டிங்டன் ஐந்து ஆண்டு பொத்தி வைத்திருந்தார். 1890-இல் ஸ்டான்ஃபோர்டைச் சதர்ன் பசிபிக்கின் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கி, தானே உட்கார்ந்துகொண்டார். கம்பெனியைச் சொந்த அரசியலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது உபதேசமும் செய்தார். வாழ்நாள் முழுக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களைக் கம்பெனிக்காகக் கவனித்துக்கொண்ட ஹன்டிங்டன் வாயிலிருந்து அது வந்ததுதான் தமாஷ்.

1887-இல் மத்திய அரசு பசிபிக் ரயில்வே விசாரணைக் குழுவை அமைத்தது. சட்டம் இயற்றுகிறவர்களை வசப்படுத்தக் கம்பெனிப் பணம் செலவானதா என்று கேட்டது குழு. பதில் சொல்ல வேண்டிய ஸ்டான்ஃபோர்டே சட்டம் இயற்றும் சபையின் உறுப்பினர். வக்கீல் ஆலோசனைப்படி பதில் சொல்ல மறுத்தார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. பதில் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது என்று தீர்ப்பு. தீர்ப்பளித்த அமர்வில் இருந்தவர்களில் இருவர் ஸ்டீஃபன் ஃபீல்டும் லோரென்சோ சாயரும். ஃபீல்டு, முன்பு ஆளுநர் ஸ்டான்ஃபோர்ட் லிங்கனிடம் பரிந்துரைத்த அதே ஃபீல்டு. இருவருமே புதிய ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர்கள். சாயர் அறங்காவலர் குழுவின் தலைவர். லஞ்சம் கைமாறியது என்று சொல்ல இதில் எதுவும் இல்லை. சொல்லத் தேவையும் இல்லை. நண்பரின் மகன் பெயரில் எழும்பும் கல்விக்கூடத்தைக் காக்கிற இரு பெரிய மனிதர்கள் நண்பரின் வழக்கை விசாரித்தார்கள், அவ்வளவுதான். கொடையின் நிழல் எவ்வளவு தூரம் விழும் என்று அளக்க நினைப்பவர்கள் இந்த அமர்விலிருந்து தொடங்கலாம்.

முதலாளியாக வாழ்ந்தவர் செனட்டில் கொண்டுவந்த மசோதாக்களைப் பார்த்தால் ஆள் மாறிவிட்டாரோ என்றே தோன்றும். தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு நிறுவனங்களுக்குச் சட்ட அங்கீகாரம் வேண்டும் என்று 1886-87-இல் ஒரு மசோதா. விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் 2 சதவீத வட்டிக்கு அரசே கடன் கொடுக்க வேண்டும் என்று 1890-இல் இன்னொன்று. இரண்டும் நிறைவேறவில்லை. பல்கலைக்கழகத்தின் நிறுவனப் பத்திரத்திலேயே கூட்டுறவின் நன்மைகளைக் கற்பிக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். உழைப்பவன் கூலிக்காரனாக இருக்கக் கூடாது, பங்காளியாக வேண்டும் என்ற எண்ணம் அவரிடம் வெறும் மேடைப் பேச்சாக இருந்ததில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் வாதிடுகிறார்கள். இருக்கலாம். ஆனால் சொந்த ரயில்வேயில் அவர் ஒரு பங்கையாவது தொழிலாளர்களுக்கு எழுதிவைத்ததாகத் தகவல் இல்லை. நாட்டுக்கே சீர்திருத்தம் கேட்டவர் தன் கம்பெனியின் வாசலோடு நின்றுகொண்டார்.

1893 ஜூன் 21 அன்று தூக்கத்திலேயே இறந்தார். மறு ஆண்டு மத்திய அரசு அவருடைய சொத்தின்மீது 1 கோடியே 50 லட்சம் டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. ரயில்வேக்குக் கொடுத்த கடனில் ஸ்டான்ஃபோர்டின் பங்குக்கு ஏற்ற பொறுப்பு அது என்பது அரசின் வாதம். சொத்து முடங்கியது. பல்கலைக்கழகம் மூடப்படும் நிலை. மனைவி ஜேன் அசரவில்லை. வீட்டுச் செலவுக்கு நீதிமன்றம் மாதம் 10,000 டாலர் அனுமதித்தது. பேராசிரியர்களை வீட்டு வேலையாட்கள் என்று கணக்குக் காட்டி அதிலிருந்து சம்பளம் கொடுத்தார். வேலைக்காரர்களைக் குறைத்தார், நகைகளை லண்டன்வரை எடுத்துப்போய் விற்கப் பார்த்தார். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1905-இல் ஹொனலுலுவில் விடுதி அறையில் அவர் இறந்தது விஷத்தால் என்று அங்கே நடந்த விசாரணை சொன்னது. பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் ஸ்டார் ஜோர்டான் அதை மறுத்து, இயற்கை மரணம் என்றார். அது தனிக் கட்டுரைக்கு உரிய மர்மம்.

அரசுக் கடன் 1899-இல் ஒப்பந்தத்துக்கு வந்தது. அசலும் வட்டியுமாகச் சுமார் 5 கோடியே 88 லட்சம் டாலர், பத்தாண்டுத் தவணையில். கடைசித் தவணை 1909-இல் கட்டி முடிந்தபோது நால்வரில் ஒருவரும் உயிரோடு இல்லை. கம்பெனி எட்வர்ட் ஹாரிமன் என்ற வேறொரு முதலாளியின் கைக்கு மாறியிருந்தது.

கலிஃபோர்னிய மக்கள் சும்மா இருக்கவில்லை. 1910 ஆளுநர் தேர்தலில் ஹைரம் ஜான்சன் என்ற வழக்கறிஞர் ஒரே கோஷத்தோடு நின்றார்: சதர்ன் பசிபிக்கை அரசியலிலிருந்து உதைத்துத் தள்ள வேண்டும். அவருடைய தந்தையே ரயில்வேக்கு வேண்டப்பட்ட அரசியல்வாதி என்பதால் வீட்டிலும் போர். ஜெயித்தார். 1911-இல் மாநில அரசியலமைப்பில் மூன்று கருவிகள் சேர்ந்தன: மக்களே சட்டம் முன்மொழியலாம், சபை இயற்றிய சட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரிக்கலாம், பதவியில் இருப்பவரைப் பாதியிலேயே திரும்ப அழைக்கலாம். சட்டசபையை ரயில்வே வாங்கிவிட்டால் சபையைத் தாண்டிப் போக ஒரு வழி.

2003 அக்டோபரில் ஆளுநர் கிரே டேவிஸைப் பாதியில் இறக்கி அர்னால்ட் ஸ்வார்செனெகரை உட்காரவைத்தது இந்தத் திரும்ப அழைக்கும் உரிமைதான். நமக்கு அந்தச் செய்தியில் நடிகர் முதல்வரானது புதுமையாகப் படவில்லை. ரயில்வேயின் கதை தெரியாததால் அந்த உரிமை எங்கிருந்து வந்தது என்பதும் கண்ணில் படவில்லை. அதைவிடப் பொருத்தமான விளைவு 1974 ஜூனில் வந்தது. அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் சொத்து விவரத்தை வெளியிட வேண்டும், தங்கள் பணம் சம்பந்தப்பட்ட முடிவில் கலந்துகொள்ளக் கூடாது என்ற அரசியல் சீர்திருத்தச் சட்டம் கலிஃபோர்னியாவில் நிறைவேறியது. அதை இயற்றியது சட்டசபை அல்ல. மக்களே முன்மொழிந்து, வாக்குச்சீட்டில் அச்சிடவைத்து, ஓட்டுப்போட்டு நிறைவேற்றினார்கள். சென்ட்ரல் பசிபிக் பதிவாகி அப்போது 113 ஆண்டுகள் ஆகியிருந்தன.